வடிகட்டிய சூப்

காலையில் வேலைக்குக் கிளம்பியவன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான்; குனிந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தான். சமையலறையில் இருந்த அவன் மனைவி, முன்னறையில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டு, என்னத்தைத் தள்ளிவிட்டீங்க என்று அங்கிருந்தபடியே கேட்டாள். எப்போதும் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லும் மனிதன் ஒன்றுமே சொல்லாததால்தான் வந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைக்குள், கிரீஸும் இரும்புக் கயிறுமாகக் காலத்தைக் கழித்தவன். கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு 'மேலகீழ' என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிலுக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. பேச ஆரம்பித்தால் எந்த மாடியில் கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கட்டட வாட்ச்மேனின் மருமகள் சண்டையில் தொடங்கி, கிரகணத்துக்குப் போய், பக்கத்து வீட்டுப் பூனையில் வந்து நிற்பான். பக்கவாதம் அவனிடமிருந்து முதலில் பிடுங்கிக்கொண்டது அந்தப் பேச்சைத்தான்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கை வேலை செய்தது, கால் கொஞ்சம் இழுத்தது. அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். பெரும்பாலும் ஆகவும் ஆனது. முகத்தின் இடது பாதி மட்டும் தூக்கம் கலையாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. சொற்கள் வெயிலில் வைத்த மெழுகாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை தொண்டை. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் அது வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அப்படிப் போனால் நெஞ்சில் சளி கட்டி ஆளையே சாய்த்துவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

விழுங்குவதற்கு அவனுக்கு மறுபடி பழக்கிக்கொடுக்க ஒரு இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். வெளியூரில் படிக்கும் அவர்களுடைய மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். தான் டாக்டர் இல்லை என்று அவள் பலமுறை திருத்தியும் அவர்கள் அவளைத் 'தொண்டை டாக்டர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். எதைக் கொடுத்தாலும் கெட்டியாக, வழவழவென்று, கட்டியில்லாமல் கொடுக்க வேண்டும். தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலக்கிப் பசை மாதிரி ஆக்கித்தான் தர வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு விழுங்க வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தாள். வாயில் ஏதாவது இருக்கும்போது பேசவே கூடாது என்றாள். இவருக்கு அதுதான் கஷ்டம் என்றாள் மனைவி. தொண்டை டாக்டர் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு மெஷினில் தேய்த்துப் பொருத்துவாள். மயிரிழை கூடினாலும் லென்ஸ் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். அந்தக் கவனத்தை அப்படியே சமையலறைக்குக் கொண்டுவந்தாள். சோறு, காய், மீன், பருப்பு, எதுவானாலும் அரைத்து, சல்லடையில் தேய்த்து, கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்த்து, எப்படி விழுகிறது என்று கவனித்தே கொடுத்தாள். ஆனால் என்ன செய்தாலும் தட்டுக்கு வரும்போது எல்லாம் ஒரே நிறத்தில்தான் இருந்தது. அவன் அதைத் தின்றான் என்று சொல்ல முடியாது. மருந்து மாதிரி உள்ளே அனுப்பினான்.

ஒருநாள் அவளுடைய தம்பி பார்க்க வந்திருந்தான். அத்தான் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவன், வாயோரம் வழிந்ததைக் கண்டதும் கண் கலங்கி எழுந்து வெளியே போய்விட்டான். நல்ல மனசுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் கணவன் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான். சாப்பாட்டு நேரத்தில் மகள் வீடியோவில் கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். மனைவி மட்டும் பக்கத்தில் இருக்கலாம், துடைத்துவிட.

அவள் எப்போது சாப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் முன்னால் மென்று சாப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. ஆரம்பத்தில், அவனுக்கு அரைத்ததையே தானும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள். சில நாளிலேயே அது தொண்டைக்குள் இறங்க மறுத்தது. கடையில் மதியம் எதையாவது கொறித்துச் சமாளித்தாள். வீட்டில் இருக்கும் நாளில் அவன் படுத்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே, ரொட்டியைச் சுட்டோ உருளைக்கிழங்கை வறுத்தோ அவசர அவசரமாகத் தின்றாள். மொறுமொறுப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். திருட்டுத்தனம் செய்கிறோம் என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று தொண்டை டாக்டர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து விழுங்குவதும் பயிற்சிதான், வீட்டு ஜன்னலோடு எவ்வளவு நாள் சாப்பிட முடியும் என்றாள். கல்யாண வீட்டுக்கு அவன் வர மாட்டேன் என்றான். தம்பி வீட்டுக்கு, கேட்கவே வேண்டாம். டீக்கடைக்குக்கூட மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கண்ணாடிக் கடையில் மனைவியோடு வேலை செய்பவள் ஒருத்தி, சைனீஸ் ஹோட்டல் சூப்பில் சோளமாவு கரைத்து ஊற்றுவார்கள், அது வழவழவென்று கெட்டியாகத்தானே இருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி மெஷினை நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ஒரு சைனீஸ் ஹோட்டலைத் தெரியும். தெரியும் என்றால், வாசனையாகத் தெரியும். அவன் பராமரித்த கட்டடங்களில் ஒன்றின் மூன்றாவது மாடியில் அது இருந்தது. அதன் அடுப்புப் புகை போகும் குழாய் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையின் ஓரமாகத்தான் வாய் திறந்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குப் போன நாளெல்லாம் அவனுடைய சட்டை வறுத்த பூண்டும் சோயா சாஸுமாக மணந்துகொண்டு வீட்டுக்கு வரும். துவைக்கப் போடும்போதே இன்று எந்தக் கட்டடம் என்று அவள் சொல்லிவிடுவாள். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் அதற்குள் போய் உட்கார்ந்ததில்லை. அவன் வேலைக்குப் போகும்போது பின்வாசல் வழியாக மேலே ஏறி, அதே வழியாக இறங்கிவிடுவான்.

அன்று மாலை, எப்படியும் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறான் என்ற நினைப்பில், "உங்க லிஃப்ட் பில்டிங் சைனீஸ் கடைக்கு ஒருநாள் மதியம் போகலாமா?" என்று கேட்டாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். போகலாம் என்றுதான் ஆட்டினான். அவள் நம்பாமல் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாகப் போனாள். எந்த சூப் எல்லாவற்றையும்விடக் கெட்டியாக இருக்கும் என்று கேட்டதும், பரிமாற வந்த பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பதைத் தொடும் வயது, தலையில் ஒரு துணிப்பட்டை, எதற்கும் அசராத முகம்.

"கெட்டியா இருக்குன்னு யாராவது குறை சொன்னாங்களா, தண்ணியா இருக்குன்னு சொன்னாங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க."

குறை ஒன்றும் இல்லை என்று அவள் சமாதானப்படுத்தி, சோள சூப் ஒன்று வாங்கினாள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். மெதுவாக, நாடாவாக இறங்கியது. இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர் தன் சூப்பையும் ஒருமுறை சந்தேகத்தோடு சாய்த்துப் பார்த்துக்கொண்டார். கெட்டி சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே சோளமணியும் முட்டை நூலும் மிதந்தன. அவைதான் ஆபத்து. அவள் பரிமாறும் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். வடிகட்டித் தர முடியுமா என்று கேட்டாள். அந்தப் பெண் உள்ளே போனாள். சூப்பை வடிகட்டினால் அப்புறம் அதில் என்னதான் மிச்சம் இருக்கும் என்று சமையல்காரர் அலுத்துக்கொள்வது வெளியே கேட்டது. திரும்பி வந்தவள், வாங்க, பார்த்துக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பும்போது ஒரு தட்டு நூடுல்ஸ் ஆவி பறக்க அவளைக் கடந்து போனது. பூண்டு பொன்னிறமாக மேலே தூவியிருந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு படியிறங்கினாள்.

லீவு போட்ட நாளில் அவனுக்கு நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து வைத்தாள். பையில் துணித்துண்டுகள், கெட்டிப்பொடி, மாற்றுச் சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார் பைபோல அது உப்பியிருந்தது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினார்கள். லிஃப்டில் ஏறியதும் அவன் வழக்கம்போலச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது புருவத்தைச் சுருக்கினான். அவள் என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை என்று கையை எடுத்துவிட்டான்.

அவள் ஓரத்து மேசை ஒன்றைச் சொல்லி வைத்திருந்தாள். அதில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படாது என்பது கணக்கு. அவன் நேராகப் போய் எதிர் நாற்காலியில், கூடம் முழுவதையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தான். அது இல்லை, இங்கே உட்காருங்கள் என்று அவள் சொன்னாள். அவன் காதில் விழாததுபோல மெனு அட்டையைப் பிரித்தான். சுவரைப் பார்க்கும் நாற்காலியில் அவளே உட்கார வேண்டியதாயிற்று.

துணிப்பட்டைப் பெண் வந்தாள். மனைவி தயாராக இருந்தாள்.

"இரண்டு சோள சூப். அன்னைக்குச் சொன்னேன்ல, வடிகட்டி. இரண்டும் அப்படியே."

அவன் கையைத் தூக்கினான். ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து அவனுக்காக அவள்தான் பேசினாள். கதவைத் தட்டுபவர்களிடம், போனில், மருந்துக் கடையில், பேருந்தில் எல்லாம். அவன் ஒரு சொல்லைத் தொடங்குவதற்குள் அவள் வாக்கியத்தை முடித்திருப்பாள். அதனால் அந்தக் கை எதற்கு என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

அவன் எதையோ சொன்னான். பரிமாறும் பெண்ணுக்குப் பிடிபடவில்லை. மனைவிக்குப் பிடிபட்டுவிட்டது.

"நூடுல்ஸா? ஐயோ, அது கூடாதுங்க. தெரியும்தானே உங்களுக்கு" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கையைத் தூக்கியபடியே பரிமாறும் பெண்ணைப் பார்த்து மறுபடி சொன்னான். அந்தப் பெண் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, காதைக் கொடுத்தாள். அவசரப்படவில்லை. பாவப்படவும் இல்லை. ஒருமுறை தப்பாகத் திருப்பிச் சொன்னாள், அவன் இல்லை என்றான். இன்னொரு முறை கேட்டாள்.

"பூண்டு வறுத்துப் போட்ட நூடுல்ஸா?"

அவன் தலையாட்டினான். அப்புறம் மிளகாய்க் கோழி. அதைப் புரியவைக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. ரோல் ஏதாவது, மொறுமொறுப்பாக. அதைச் சைகையிலேயே சொல்லிவிட்டான், விரலால் பல்லைத் தட்டிக் காட்டி. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. எல்லாம் முடிந்ததும் மனைவியைச் சுட்டிக்காட்டினான்.

"இவளுக்கு" என்றான். அது யாருக்கும் புரிகிற மாதிரி தெளிவாகவே வந்தது.

பரிமாறும் பெண் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாள்.

தனக்குப் பசிக்கவில்லை என்றாள் மனைவி. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டதாகச் சொன்னாள். இவ்வளவையும் யார் தின்பது, வீணாகும், கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நாற்காலியில் திரும்பினாள். அவன் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். பேசுவதற்கு முன் எச்சிலைக் கவனமாக விழுங்கிக்கொண்டான். அவன் சொன்னது உடைந்து உடைந்து, இடையிடையே நின்று வந்தது. ஆனால் அவள் காதில் விழுந்தது இதுதான்.

"கதவைச் சாத்திட்டுச் சாப்பிடறே."

அவள் மறு கையால் மெனு அட்டையை நேராக்கி வைத்தாள்.

"குழாயைத் திறந்துவிட்டுக்கிறே. எனக்கு வாய்தான் போச்சு. மூக்கும் காதும் இருக்கு."

அவளுக்கு முகம் சுட்டது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். முதல் நாளே தெரியும் என்பதுபோல. போன வாரம் ரொட்டியைக் கருக்கிவிட்டாய் என்று வேறு சொல்லிக் காட்டினான்.

"உங்க முன்னாடி உக்காந்து எப்படிங்க சாப்பிடறது? நீங்க அந்தக் கூழை விழுங்க முடியாம விழுங்கறப்ப, நான் மட்டும்..."

"நீ கதவைச் சாத்தறப்ப, வீட்டுல நான் ஒருத்தன்தான் இருக்கிற மாதிரி இருக்கு."

அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவன் சேர்த்துச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு, மேலகீழ ஓடி வந்தவன்போல மூச்சு வாங்கினான். அவள் பையைத் திறந்து துணித்துண்டு ஒன்றை எடுத்தாள். அவனுக்காகக் கொண்டுவந்ததில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று.

சூப் முதலில் வந்தது. ஒரே ஒரு கிண்ணம், மணியும் நூலும் இல்லாமல், பொன்மஞ்சளாக. இன்னொன்று எங்கே என்று அவள் கேட்டதற்கு, நூடுல்ஸ் சாப்பிடறவங்களுக்கு எதுக்கு வடிகட்டின சூப் என்றாள் பரிமாறும் பெண்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கரண்டியில் கொஞ்சம் எடுத்தான், தாடையை நெஞ்சோடு சேர்த்தான், விழுங்கினான். அவள் அவனுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைமணி ஏறி இறங்கியது. இரண்டாவது கரண்டியும் நல்லபடியாகப் போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். உப்பும் இனிப்புமாக ஒரு சுவை, சூடு, கூடவே புகைக்குழாய் வழியாக இத்தனை வருடம் மூக்குக்கு மட்டும் கிடைத்த அந்த மணம்.

அடுத்த கரண்டியில்தான் புரைக்கேறியது. சுவையில் கவனம் போய்விட்டது. முகம் சிவந்து, மேசை அதிர இருமினான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் அலுவலக ஆட்கள் நாலைந்து பேர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்திருந்தார்கள். ஒருவர் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வேண்டாம், தண்ணி கூடாது, கொடுத்துடாதீங்க என்று அவள் பாதி எழுந்து தடுத்தாள். முதுகைத் தடவ அவனை நெருங்கினாள். இத்துடன் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான், இனிமேல் ஜன்னலை விட்டு நகரவே மாட்டான் என்று நினைத்தாள்.

அவன் உட்கார் என்று கை காட்டினான். இருமியபடியே காட்டினான். தொண்டை டாக்டர் பழக்கியபடி மூச்சை இழுத்து, ஓங்கி இருமி, வழியைச் சுத்தம் செய்தான். வெற்றாக ஒருமுறை விழுங்கிப் பார்த்தான். வாயோரத்தைத் தானே துடைத்துக்கொண்டான். பிறகு தம்ளரோடு நின்ற மனிதரைப் பார்த்து நன்றியாகத் தலையசைத்துவிட்டு, கரண்டியை மறுபடி சூப்பில் விட்டான்.

தம்ளர்க்காரர் தன் இடத்துக்குத் திரும்பினார். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. யாரோ ஒருவருடைய மேனேஜரைப் பற்றிய வசவு. ஒரு நிமிடம் கழித்து இவர்கள் இருவரையும் யாரும் பார்க்கவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதமாக எதைக் கண்டு பயந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தானோ, அது இவ்வளவுதான். பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் தட்டுக்குப் போய்விடுவார்கள்.

நூடுல்ஸ் வந்தபோது அவள் ஒரு வாய் எடுத்து, மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் விரலால் மேசையைத் தட்டினான். மென்றாள். பூண்டு பல்லில் உடைந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு நடப்பது எதுவும் தெரியவில்லை. தான் எவ்வளவு பசியோடு இருந்தோம் என்பது அந்த வாயில்தான் அவளுக்கே தெரிந்தது. உட்கார்ந்து, சூடாக, கதவு திறந்த ஓர் இடத்தில் சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. நூடுல்ஸை உறிஞ்சினாள். ரோலைக் கடித்தபோது கூடத்துக்கே கேட்கிற மாதிரி நொறுங்கியது. பதறி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தின் வலது பாதி சிரித்துக்கொண்டிருந்தது. இடது பாதியும் கொஞ்சம் முயற்சி செய்தது என்று அவள் பிறகு மகளிடம் சொன்னாள்.

நாடியில் சாஸ் ஒட்டியிருக்கிறது என்று அவன் சைகை காட்டினான். அவள் தப்பான பக்கம் துடைத்தாள். அவனே எட்டித் துடைத்துவிட்டான்.

கோழியின் சாஸ் கருஞ்சிவப்பாக, கெட்டியாகத் தட்டில் தேங்கியிருந்தது. அவன் தன் கரண்டி நுனியை அதன்பக்கம் கொண்டுபோய் அவளைப் பார்த்தான். தொண்டை டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று அவளுடைய கை பைக்குள் போனது. போன கை நின்றது. அவள் ஒரு கரண்டி சாஸை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். நாடாவாக இறங்கியது. கட்டியில்லை, விதையில்லை.

"நுனியில மட்டும். தாடையைக் கீழே வையுங்க" என்றாள்.

அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. காரம். இன்னொரு நுனி கேட்டான். இவ்வளவு போதும், ஆசையைப் பாரு என்று அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது கல்லாவில் இருந்தவர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். லிஃப்ட்காரர்தானே, ரொம்ப நாளாக் காணோமே, இப்போது யாரோ புதிதாக ஒருவர் வருகிறார், பாட்டுப் போட்டுக்கொண்டே வேலை செய்கிறார் என்றார். மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, கஷ்டப்பட்டு, வாயை மூடிக்கொண்டாள். அவன்தான் பேசினான். உடம்பு சரியில்லாமல் போனதையும் இப்போது தேவலை என்பதையும் சொன்னான். கல்லாக்காரர் பாதியை யூகித்துக்கொண்டு கேட்டார். இரண்டாவது மாடிக்கு மேலே லிஃப்ட் உதறுகிறது, அந்தப் பாட்டுக்காரனிடம் சொல்லுங்கள் என்று அவன் சொன்னது மட்டும் முழுசாகப் புரிந்தது. அந்தச் செய்தி எப்படியோ கம்பெனிவரை போய், அடுத்த மாதம் முதலாளி ஆளனுப்பினார். மோட்டார் அறைக்கெல்லாம் ஏற வேண்டாம், பழுதான சர்க்யூட் பலகைகளை வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து சரிபார்க்க முடியுமா, அரை நாள் வந்தால் போதும் என்று கேட்டார். ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று தெருவுக்கு இறங்கியதும் அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவன் நகரவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. அவன் அதைக் காட்டினான்.

அவள் அதெல்லாம் முடியாது என்றாள். களைத்துப் போயிருக்கிறீர்கள், மாத்திரை வேளை வந்துவிடும், வீட்டில் போய்ப் படுங்கள் என்றாள். லீவுதானே போட்டிருக்கிறாய் என்று அவன் கேட்டான். லீவு போட்டால் ஊரைச் சுற்ற வேண்டுமா என்றாள். அவன் சாலையைக் கடக்க ஒரு காலை எடுத்து வைத்தான்.

"ஒரு கிண்ணம் சூப் உள்ள போச்சு, உடனே ராஜா ஆயிட்டீங்களா? யார் சொல்றதையும் கேக்கறதே கிடையாது! எப்பவுமே அப்படித்தான்!"

நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் விழுந்த நாளிலிருந்து அவனிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. நோயாளியிடம் பேசுகிற அந்த மெல்லிய, சர்க்கரை போட்ட குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவனைப் பார்த்தாள். அவன் நடுச்சாலையில் நின்று, திட்டு வாங்கிய மகிழ்ச்சியில், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோலக் காத்திருந்தான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"வாங்க, வாங்க. அடிபட்டுச் சாகறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சேர்ந்தாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரமாகியிருந்தது. பாதி காலியான அரங்கில் ஓரத்து இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். அவள் சொன்னதுபோலவே அவனுக்குக் களைப்புதான்; உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட இருக்காது, அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். கெட்டிப்பொடி இருந்த பையை அவள் காலடியில் வைத்தாள். முதலில் அவனுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு திரையில் ஒருத்தி தன் மாமியாருடைய காரைத் திருடிக்கொண்டு ஓடினாள். யார் அவள், எதற்கு ஓடுகிறாள் என்று பார்க்கத் தொடங்கியவள், அப்படியே அதில் போய்விட்டாள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தோள் குலுங்கி அவன் விழித்துக்கொண்டான்.

என்ன ஆச்சு என்று கேட்டான். அவன் எதைக் கேட்டாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விளக்குவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. ஆனால் கார் அப்போது ஒரு பாலத்தின்மேல் வந்துகொண்டிருந்தது.

"பேசாம பாருங்க, நல்ல கட்டம்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.